படுத்திருந்தவரை அளந்த கயிறு

போன வாரம் நான் பட்டறைக்கு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன் அல்லவா? நான் வேலையிலிருந்து நின்றபோது நீங்கள் எல்லோரும் சேர்ந்து செய்து கொடுத்த அதே நாற்காலியில்தான். அதைப் பற்றி உங்களிடம் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உட்காருவதற்கு அது பரம சுகம். எழுந்திருப்பதுதான் பெரும் பாடு. குழிக்குள் விழுந்த கன்றுக்குட்டி மாதிரி நாலு தடவை எம்பிப் பார்த்துவிட்டு, யாராவது இந்தப் பக்கம் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். நாற்பது வருஷமாக வயசானவர்களுக்குக் கட்டிலும் நாற்காலியும் கைத்தடியும் செய்தவனுக்கு இப்படி ஒரு பரிசு.

நீங்களும் அதைக் கவனித்துவிட்டீர்கள் போலிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். உங்களில் ஒருவர் அடிமேல் அடி வைத்து வந்து, என் முழங்காலிலிருந்து பாதம் வரை டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னொருவரிடம் அளவைக் கிசுகிசுத்துவிட்டுப் போனார். நான் தூங்கவில்லை. முதலில் கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. இதே காரியத்தை ஒரு மத்தியான வேளையில் நானும் செய்திருக்கிறேன். அதனால் ஒரு மனிதர் சோறு தண்ணீர் வேண்டாம் என்று சாகத் தயாராகிவிட்டார். அதை இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

யுத்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் அடுப்புக்கரியை எரித்து வரும் கரிவாயுவில் ஓடின. ஓடின என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். ஒரு மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். அதனால் மாட்டு வண்டிக்கு மவுசு வந்தது. நான் அன்னவாசல் பக்கம் வண்டி ஆசாரியாக இருந்தேன். வேலைக்குக் குறைவில்லை. எனக்கு இருந்த ஒரே வியாதி, வேலை செய்துகொண்டே கனவு காண்பது. சக்கரத்தில் ஆரக்காலை இறக்கும்போதே அந்த வண்டி எந்தப் பனங்காட்டு வழியாகப் போகும், எந்த ஊர்க் குளத்தில் இறங்கி நனையும் என்றெல்லாம் மனசு அதன் பின்னாலேயே போய்விடும். "ஆசாரி முழிச்சிருக்காரா தூங்குறாரான்னு உளிச் சத்தத்த வச்சுத்தான் கண்டுபிடிக்கணும்" என்று பக்கத்துப் பட்டறைக் கொல்லர் கேலி செய்வார். வண்டி செய்கிறவனுக்கு இந்த வியாதியால் பெரிய கெடுதல் இல்லை. மனிதர்களுக்குச் சாமான் செய்யப் போனபோதுதான் வினை வந்தது.

அதற்குக் காரணம் ஒரு குடை. புதுக்கோட்டை டவுனில், சமஸ்தான ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவருக்குக் கைத்தடி செய்து கொடுத்தேன். தேக்கு மரம், வளைந்த பிடி, நல்ல பளபளப்பு. அவர் அதை வாங்கிச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டார். "தெருவுல தடியோட போனா, இவரு முடிஞ்சாருன்னு நெனைப்பானுங்க" என்றார். ஒரு வாரம் யோசித்து, அவருடைய பழைய குடையின் கம்பியையும் துணியையும் கழற்றி, என் தடியில் பொருத்திக் கொடுத்தேன். சுற்றி வைத்தால் குடை, ஊன்றினால் தடி. மழை, வெயில் எதுவும் இல்லாத நாளிலும் மனிதர் குடையோடு தெருவில் நடந்தார். அதிலிருந்து வயசானவர்களுக்கு ஏதாவது வேண்டுமென்றால் என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். எனக்கும் தலையில் கொஞ்சம் கனம் ஏறிவிட்டது. கிழவர்கள் மனசு எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படித்தான் கருப்பையா என்பவர் ஒரு நாள் பட்டறைக்கு வந்தார். மூன்று மைல் தள்ளி அவர் ஊர். அவருடைய தகப்பனார் பங்குனியில் பாறையில் வழுக்கி விழுந்துவிட்டாராம். எலும்பு கட்டுகிற வைத்தியர் காலைச் சேர்த்துக் கட்டி, எலும்பும் கூடிவிட்டது. நிறுத்திவிட்டால் கம்பை ஊன்றி நிற்பார், நாலு எட்டு நடக்கவும் செய்வார். ஆனால் தரையில் விரித்த பாயிலிருந்து தானாக எழ முடியாது. இரண்டு பேர் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்க வேண்டும். அதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறார் என்றார்.

"ஒரு கட்டிலு செஞ்சு குடுங்க ஆசாரி. நாலு பக்கமும் சட்டம் வச்சு, தொட்டிலு மாதிரி. உருண்டு கிருண்டு விழுந்துரக் கூடாது" என்று கேட்டார்.

மறுநாள் உச்சிப்பொழுதில் போய்ச் சேர்ந்தேன். ஊர் வயலிலும் காட்டிலும் இருந்தது. வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே பெரியவர் மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கூரை ஓலையின் சந்து வழியாக வெயில் சின்னச் சின்ன வட்டங்களாக அவர் மேல் விழுந்திருந்தது. வெளியே பூவரச மரம் அசையும்போது அந்த வட்டங்களும் அசைந்தன. தண்ணீருக்குள் கிடக்கிற மனிதரைக் கரையிலிருந்து பார்ப்பது போல எனக்குத் தோன்றியது. மூச்சு நீளமாக உள்ளே போய், வெகுநேரம் கழித்து வெளியே வந்தது. அப்படி ஒரு மூச்சை நான் யாரிடமும் பார்த்ததில்லை. எனக்கே கண் சொக்கியது.

அவரை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நான் அவசரத்தில் தப்புச் செய்யவில்லை, அலட்சியத்திலும் செய்யவில்லை. பாவம், தூங்கட்டும் என்ற இரக்கத்தில் செய்தேன். மடியிலிருந்து நார்க்கயிற்றை எடுத்து, அவர் உச்சந்தலைக்கு நேரே ஒரு முனையை வைத்து, பக்கவாட்டில் இழுத்து, பாதத்துக்கு நேரே ஒரு முடிச்சுப் போட்டேன். தோள் அகலம் எடுக்கக் குனிந்தபோது தூக்கத்திலேயே அவருடைய இரண்டு கைகளும் மேலே எழுந்தன. எதையோ பிடிப்பது போல அந்தரத்தில் நின்றன. அளவெடுக்கத் தொந்தரவாக இருக்கிறதே, இறங்கட்டும் என்று காத்திருந்தேன். இறங்கின. தோளுக்கு நேரே இரண்டாவது முடிச்சுப் போட்டேன்.

"என்ன காரியங்க பண்றீங்க?"

வாசலில் அந்த வீட்டு மருமகள் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் தண்ணீர்க் குடம். குடத்தை இறக்கக்கூட இல்லை. அந்த அம்மாளின் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. ஒரு வீட்டு மருமகளின் பெயரை வெளியாள் கேட்கிற வழக்கம் அப்போது இல்லை. ஆனால் இந்தத் தொழிலில் எனக்கு யார் குரு என்று கேட்டால் அவரைத்தான் கை காட்டுவேன். என்னைவிடப் பத்து வயசு இளையவர்.

"அளவுதாம்மா எடுத்தேன். கட்டிலுக்கு" என்றேன்.

"படுத்திருக்கவங்கள கயிறு போட்டு எதுக்கு அளப்பாங்கன்னு ஒங்க ஊருல தெரியாதாங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பக்கத்தில் ஒருவரைப் படுக்க வைத்து, தலை முதல் கால் வரை கயிறு பிடித்து முடிச்சுப் போடுவது ஒரே ஒரு தடவைதான். பாடை கட்டுவதற்கு. எனக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும். எத்தனையோ சாவு வீட்டில் பார்த்திருக்கிறேன். மனசு எங்கோ மிதந்துகொண்டிருந்ததில் கை பாட்டுக்கு வேலை செய்துவிட்டது.

கீழே பார்த்தேன். பெரியவரின் கண் திறந்திருந்தது. எப்போது விழித்தார் என்று தெரியவில்லை. என் கையிலிருந்த கயிற்றையும் அதன் இரண்டு முடிச்சுகளையும் பார்த்தார். கோபப்படவே இல்லை.

"அளந்தாச்சுல்ல. போயிச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே கருப்பையா பட்டறைக்கு வந்துவிட்டார். என்னை அடிக்காமல் விட்டது அவருடைய பெருந்தன்மை. "எங்கய்யா கஞ்சிய வேணாங்குறாரு. நானே ஒங்கள்ட்ட சொல்லி ரகசியமா அளக்க விட்டேன்னு நெனைக்கிறாரு. எம்மூஞ்சியிலயே முழிக்க மாட்டேங்குறாரு. கட்டிலும் வேணாம், ஒண்ணும் வேணாம். இனி அங்கிட்டு வராதீங்க" என்று சொன்னவர், போகும்போது அழுதார். நான் அதுவரை ஒரு வளர்ந்த ஆள் தன் தகப்பனுக்காக அப்படி அழுது பார்த்ததில்லை. எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

இரண்டு நாள் நான் உளியைத் தொடவில்லை. போவதா வேண்டாமா? போனால் அடி விழலாம். போகாவிட்டால் ஒரு உயிர் என் கயிற்றில் போகும். மூன்றாம் நாள் காலையில் கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் ஒரு பொய்யை ஜோடித்துக்கொண்டே நடந்தேன். புதுப்பாய் முடையச் சொல்வதற்காகப் பாயைத்தான் அளந்தேன், உங்களை அல்ல என்று சொல்லிவிடலாம். அழகான பொய். அளவும் பொருந்தி வந்தது.

ஊருக்கு முன்னாலேயே கண்மாய். புரட்டாசிக் கடைசி. மழை இன்னும் இறங்கவில்லை. கண்மாய் வெடித்துக் கிடந்தது. நடுவில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் ஒருவர் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த மருமகள்தான். எனக்குத் திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது. அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"வருவீங்கன்னு தெரியும். என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டார்.

பாய்க் கதையைச் சொன்னேன். மொண்ட தண்ணீரை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பொய்யாங்க? மாமா முப்பத்தஞ்சு வருசம் இந்தக் கண்மாயில மடை தொறந்தவரு. தண்ணிக்கு அடியில கண்ணு தெரியாமக் கையாலயே எல்லாத்தையும் பாத்த ஆளு. ஒங்க பொய்யைத் தொட்டுப் பாத்துச் சொல்லிருவாரு."

மடை திறப்பது என்றால் என்ன என்று உங்களில் டவுனில் பிறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கண்மாய்க்குள், கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றின் அடியில் தரையோடு தரையாக ஒரு கல்தொட்டி, அதில் ஒரு துவாரம், துவாரத்தில் ஒரு அடைப்பு. குமிழி என்பார்கள். கண்மாய் நிறைந்ததும் ஒருவர் அந்தத் தூண்களைப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி முங்கி, அடைப்பை எடுத்துவிட வேண்டும். தண்ணீர் கரைக்கு அடியில் புகுந்து வயலுக்கு ஓடும். அடைப்பை எடுத்த கணத்தில் தண்ணீர் ஆளையும் சேர்த்து இழுக்கும். தூணைப் பிடித்திருக்கிற கைதான் அவரை மேலே கொண்டுவரும்.

"இந்த வருசம் எங்க வீட்டுக்காரரு முங்கணும். மொத தடவை. கரையில நின்னு மாமா 'எறங்கு'ன்னு சொல்லணும். அதுதான் இங்க மொறை. தூக்கிட்டுப் போறோம்னா, தூக்கிட்டுப் போக நான் என்ன பொணமாங்குறாரு. நடந்து வந்து நின்னு சொல்லணும்னுதாங்க இத்தனை மாசமா உசுரப் பிடிச்சிட்டிருந்தாரு. இப்ப நீங்க வந்து அளந்துட்டீங்க."

நான் ஊற்றுக்கரையில் குந்திவிட்டேன்.

"தூக்கத்துல ரெண்டு கையையும் மேல தூக்குவாரே, பாத்தீங்களா?" என்று கேட்டார்.

பார்த்தேன் என்றேன். அது இறங்கட்டும் என்று காத்திருந்து தோளை அளந்தேன் என்பதையும் சொன்னேன்.

அவர் கொட்டாங்கச்சியால் அந்தப் பக்கம் காட்டினார். "அந்தக் கல்லத்தாங்க பிடிக்கிறாரு."

ஊற்றிலிருந்து இருபது எட்டில் அந்த இரண்டு தூண்களும் வெயிலில் நின்றுகொண்டிருந்தன. நான் போய் அவற்றுக்கு நடுவே நின்றேன். ஒரு பக்கத்தில் கல் வழவழவென்று தேய்ந்து, நாலு விரல் பதிகிற மாதிரி பள்ளமாகியிருந்தது. எத்தனை தலைமுறைக் கைகளோ. என் கையை அதில் வைத்தேன். என்ன நடந்தது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வெடித்த மண்ணில்தான் நின்றேன். ஆனால் தலைக்கு மேல் தண்ணீர் இருப்பது போல ஒரு குளிர்ச்சி. பச்சையாக ஒரு வெளிச்சம். காதில் ஒரு சத்தமும் இல்லை. உடம்பு கனமே இல்லாமல், கைகள் இரண்டும் கொஞ்சம் அழுத்தினால் போதும், மேலே போய்விடலாம் என்று இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ. அந்த அம்மாள் குடத்தோடு பக்கத்தில் வந்து நின்றபோதுதான் வெயில் உறைத்தது. அவர் என்னைக் கேலி செய்யவில்லை.

"அந்தக் கயிறு இருக்கா?" என்று கேட்டார்.

மடியில் இருந்தது. இரண்டு முடிச்சுகளோடு.

"அதை அவரு கையில குடுங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

பெரியவர் அதே சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். கருப்பையா என்னைக் கண்டதும் எழுந்தார். அவர் மனைவி ஒரு பார்வை பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். நான் தரையில் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜோடித்து வைத்திருந்த பொய் நாக்கு நுனி வரை வந்தது.

"பெரியவரே, ஒங்களைத்தான் அளந்தேன். கட்டிலுக்குத்தான். ஒங்க மகன் அப்புடி அளக்கச் சொல்லலை. எழுப்பிக் கேக்க மனசில்லாம நானாப் பண்ணுன தப்பு. இந்தாங்க கயிறு" என்று சொல்லி, அவர் கையருகில் வைத்தேன்.

அவர் முகத்தைத் திருப்பவில்லை. பிறகு அவர் கை மட்டும் நகர்ந்து கயிற்றைத் தொட்டது. தடவிக்கொண்டே போய் முதல் முடிச்சைக் கண்டுபிடித்தது. அவிழ்க்க ஆரம்பித்தார்.

நார்க்கயிற்று முடிச்சு லேசில் அவிழாது. அவர் விரலோ நடுங்கியது. நகம் வழுக்கியது. விட்டார், மறுபடியும் பிடித்தார். எனக்குக் கை பரபரவென்றது. ஒரு நொடியில் நான் அவிழ்த்துவிடுவேன். கருப்பையாவும் கையை நீட்டினார். அந்த அம்மாள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நான் என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். இத்தனை வருஷத் தொழிலில் நான் செய்த கஷ்டமான வேலை எது என்று கேட்டால் அதுதான். கூரையிலிருந்து விழுந்த வெயில் வட்டங்கள் அவர் நெஞ்சிலிருந்து தோளுக்கு நகர்ந்தன. முதல் முடிச்சு அவிழ்ந்தது. தோளிலிருந்து அவை சுவருக்கு ஏறின. இரண்டாவதும் அவிழ்ந்தது.

அவர் என் பக்கம் திரும்பினார். கயிற்றை இரண்டு கைகளிலும் பிடித்து, நெஞ்சுக்கு மேலே நீட்டி விரித்தார்.

"குமிழிக் கல்லு ரெண்டுக்கும் நடுவுல இம்புட்டு" என்றார்.

நான் அந்த அளவில் விரலை வைத்துக்கொண்டு கண்மாய்க்கு ஓடினேன். தூண்களுக்கு நடுவில் கயிற்றைப் பிடித்துப் பார்த்தேன். ஒரு விரற்கடை பிசகவில்லை. திரும்பி வந்து சொன்னபோது அவர் சிரித்தார். "பிசகுமா?" என்று கேட்டுவிட்டு, மருமகளிடம், "ஆத்தா, கஞ்சி இருக்கா?" என்றார்.

சட்டம் வைத்த தொட்டில் கட்டிலை அன்றோடு மறந்துவிட்டேன். காலைத் தரையில் ஊன்றி உட்காரும் உயரத்தில் ஒரு கட்டில் செய்தேன். அந்த உயரத்தை அவரே தன் சாணால் அளந்து சொன்னார். கட்டிலுக்கு எதிரே தரையில் இரண்டு கருவேலத் தூண்கள் நட்டேன். பழைய வண்டி மரம்தான். தூண்களின் இடைவெளி அவர் கொடுத்தது. வாசற்படிக்கு இரண்டு பக்கமும் அதே மாதிரி இரண்டு. எல்லாவற்றையும் இழைத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கி, பெருமையோடு நின்றேன். அவர் பிடித்தார். கை வழுக்கியது.

"என்னங்க ஆசாரி, மீனு மாதிரி இருக்கு" என்றார்.

குமிழிக் கல்லில் பார்த்த பள்ளம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர் விரலை வைத்துக் காட்டின இடத்தில் நாலு விரலுக்குப் பள்ளம் செதுக்கினேன். மறுபடியும் பிடித்தார். கண்ணை மூடினார். அந்த நீளமான மூச்சு ஒன்றை உள்ளே இழுத்தார். முங்கப் போகிறவர் மாதிரி. பிறகு மெல்ல, மிகவும் மெல்ல, தண்ணீர் தூக்கிக்கொண்டு வருவது போல மேலே வந்தார். நின்றார். மூச்சை விட்டார். கருப்பையா வெளியே போய்விட்டார். அவர் அழுவதை நாங்கள் யாரும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டோம்.

ஐப்பசி பிறந்து பதினைந்து நாள் மழை விடவில்லை. கண்மாய் நிறைந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். போனேன். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஊரே கரையில் நின்றது. வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறம். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று தெரியவில்லை. அந்த இரண்டு தூண்களின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. பெரியவர் வீட்டிலிருந்து தானே எழுந்து, கம்பை ஊன்றி, நின்று நின்று, கரை மேல் வந்து சேர்ந்தார். யாரும் அவரைத் தொடவில்லை. சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார்கள்.

அவர் மகனைப் பார்த்து, "எறங்கு" என்றார்.

கருப்பையா நீந்திப் போய்த் தூண்களைப் பிடித்து முங்கினார். பெரியவரும் மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டார். நான் அவர் பக்கத்தில் நின்றேன். தண்ணீரில் வட்டங்கள் அடங்கிவிட்டன. மருமகள் கையைக் கூப்பியபடி நின்றார். எனக்கு மூச்சு முட்டி நான் இரண்டு தடவை வாங்கிவிட்டேன். பெரியவர் விடவில்லை. அவர் கழுத்து நரம்பு புடைத்தது. தூணுக்கு நடுவில் தண்ணீர் ஒரு சுழி போட்டது. கரைக்கு அந்தப்புறம் வாய்க்காலில் "ஹோ" என்று சத்தம் கேட்டது. கருப்பையாவின் தலை மேலே வந்தது. அப்போதுதான் பெரியவர் மூச்சை விட்டார்.

கூட்டம் வாய்க்கால் பக்கம் ஓடியது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தக் கயிறு வச்சிருக்கீங்களா ஆசாரி?"

அது என் மடியிலேயேதான் இருந்தது. எடுத்தேன்.

"இப்ப அளங்க" என்று கம்பைக் கீழே போட்டுவிட்டு, என் தோளில் ஒரு கையை வைத்து நிமிர்ந்து நின்றார்.

உச்சந்தலையிலிருந்து குதிங்கால் வரை கயிற்றைப் பிடித்தேன். ஒரு முடிச்சுப் போட்டேன். எந்தக் கட்டிலுக்கும் அந்த அளவு தேவைப்படவில்லை. கட்டில்தான் ஏற்கெனவே முடிந்துவிட்டதே. அவர் கயிற்றை வாங்கி மருமகளிடம் கொடுத்தார். "பத்தரமா வச்சிரு ஆத்தா. வேணுங்கிறப்ப எடுத்துக் குடு. என்னையப் படுக்க வச்சு இன்னொருக்கா எவனும் அளக்கப்படாது" என்றார்.

அதற்குப் பிறகு மூன்று வருஷ மழைக்கு அவர் கரைக்கு வந்து நின்றார். நாலாவது மழைக்கு முன்னால் போய்விட்டார். நானும் போயிருந்தேன். மூங்கிலோடு வந்தவர்கள் அவரை அளப்பதற்காகக் கயிற்றோடு உள்ளே நுழையப் பார்த்தார்கள். அந்த அம்மாள் வாசற்படியில், நான் நட்ட இரண்டு தூண்களுக்கும் நடுவில் நின்றுகொண்டார். அழுது வீங்கிய முகத்தோடு, முந்தானை முடிச்சிலிருந்து அந்தக் கயிற்றை எடுத்து நீட்டினார்.

"அளவு இருக்குங்க. அவரே நின்னு குடுத்தது."

இதற்கு மேல் உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நாளைக்குக் காலையில் பட்டறைக்கு வருகிறேன். அந்த நாற்காலியை மாற்றித்தான் ஆக வேண்டும்; நீங்கள் நினைத்தது சரிதான். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் தோளைத் தட்டி எழுப்புங்கள். டேப்பை என் கையில் கொடுங்கள். எனக்கு விரல் நடுங்கும், எண் சரியாகத் தெரியாது, நேரமாகும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.